மார்கழிக்கு முப்பது பாட்டு

குழந்தைகளுக்குப் பாட்டு எழுதுவது சுலபம் என்று நினைக்கிறவர்கள், தயவுசெய்து ஒரே ஒரு பாட்டு எழுதிப் பாருங்கள். நாலே வரி போதும். மூன்று வயதுப் பிள்ளையின் வாய்க்குள் நுழைய வேண்டும். இன்று சொன்னால் நாளைக் காலை பல் தேய்க்கும்போது அதுவாகவே திரும்பச் சொல்ல வேண்டும். முக்கியமாக, அறிவுரை கூடாது. நாலைந்து பேப்பரைக் கசக்கிப் போட்ட பிறகு மேற்கொண்டு படிக்கலாம்.

இந்த நாலு வரி வித்தைக்காகவே ஒரு மாதத்தை ஒதுக்கியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1996 முதல் ஏப்ரல்தான் கவிதை மாதம். அதே ஏப்ரலில், குழந்தைகளுக்கான படப் புத்தகங்களைச் சந்தத்தோடு எழுதுகிறவர்களுக்காக ஒரு மாதச் சவாலை 2014-ல் ஏஞ்சி கார்ச்சர் என்ற எழுத்தாளர் ஆரம்பித்தார். தினம் கொஞ்சம் படிக்க வேண்டும், தினம் எழுதிப் பழக வேண்டும்.

சவால் என்றால் சில எழுத்தாளர்களுக்கு ரோஷம் வந்துவிடும். டாக்டர் சூஸ் கதை தெரியுமா? 'ஐம்பதே ஐம்பது வார்த்தைகளில் ஒரு புத்தகம் எழுத முடியுமா?' என்று அவருடைய பதிப்பாளர் பென்னட் செர்ஃப் பந்தயம் கட்டினார். எழுதிக் காட்டினார் மனிதர். 1960-ல் வந்த அந்த 'க்ரீன் எக்ஸ் அண்ட் ஹாம்' இன்றுவரை விற்றுக்கொண்டிருக்கிறது.

ஆனால், ஒரு மாதம் முழுக்கப் பாட்டு என்றதும் நம் ஆட்களுக்கு அமெரிக்கா ஞாபகம் வரக் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஞாபகம் வர வேண்டும். மார்கழி மாதம், முப்பது பாசுரம், எழுதியவள் ஒரு சின்னப் பெண். பக்தியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, எழுதுகிறவன் கண்ணோடு திருப்பாவையைப் பாருங்கள். பாட்டுக்கு எட்டு அடி. பெரும்பாலும் எட்டு அடிக்கும் ஒரே எதுகை. ஆறாவது பாட்டிலிருந்து பதினைந்தாவது வரை பத்து வீட்டு வாசலில் பத்துத் தோழிகளை எழுப்புகிறாள். வாசலுக்கு ஒரு சத்தம், ஆளுக்கு ஒரு குணம். ஒருத்தி தூங்குமூஞ்சி, ஒருத்தி வாயாடி. இன்றைக்கு ஒருவர் படப் புத்தகம் போட நினைத்தால், பக்கம் பக்கமாகப் பிரித்துத் தயாராக வைத்திருக்கிறாள் ஆண்டாள்.

அவளை வளர்த்தவரோ இன்னும் ஒரு படி மேலே. கண்ணனைத் தொட்டிலில் போட்டுத் தாலாட்டுவது, நிலாவைக் கூப்பிடுவது, கைகொட்டச் சொல்வது, தத்தித் தத்தி நடக்கவைப்பது, பூச்சி காட்டிப் பயமுறுத்துவது... எல்லாவற்றையும் பெரியாழ்வார் ஒரு தாயாக மாறிப் பாடிவைத்திருக்கிறார். பின்னால் வந்த பிள்ளைத்தமிழுக்கெல்லாம் அதுதான் முன்னோடி. ஆக, பிள்ளைகளுக்கான பாட்டில் நமக்குத் தாய்வீடு எது என்று கேட்டால், பால்கோவா ஊரைக் கை காட்டலாம்.

இதையெல்லாம் நான் என் தங்கை மகளிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். சும்மா இருக்கக் கூடாதா? அங்கேதான் வந்தது வினை.

அவள் ஆலங்குளத்தில் இருக்கிறாள். தென்காசி ஆலங்குளம் இல்லை. இது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். 1970-ல் வந்த அரசு சிமென்ட் ஆலையால் பேர் தெரிந்த ஊர். சுற்றிலும் கரிசல் காடு. ஒரு பக்கம் ராஜபாளையம், நூற்பாலைகள். இன்னொரு பக்கம் சிவகாசி, தீப்பெட்டி, பட்டாசு, காலண்டர். நடுவில் மழையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் கம்மாய்கள். பக்கத்துக் கிராமம் ஒன்றில் தொடக்கப் பள்ளி ஆசிரியை அவள். ஐந்து வகுப்புக்கும் சேர்த்துப் பிள்ளைகள் பதினேழு பேர். டீச்சர்கள் இரண்டு பேர்.

"போன வருஷம் ஒண்ணாம் வகுப்புல சேந்தது ஒரே ஒரு புள்ள மாமா. இப்படியே போனா பக்கத்து ஸ்கூலோட சேத்துருவாங்க. ஒரு அம்மாகிட்ட அட்மிஷனுக்குப் போய்ப் பேசுனேன். 'வேன் வர்ற ஸ்கூல்ல ரைம்ஸ்லாம் சொல்லித் தாறாங்க டீச்சர். உங்க ஸ்கூல்ல என்ன இருக்கு?'ன்னு கேட்டுட்டாங்க."

"அந்த ரைம்ஸ்ல என்ன இருக்காம்?"

"மழையை 'போ, போ'ன்னு வெரட்டுற இங்கிலீஷ் பாட்டு. நம்ம கரிசக்காட்டுல நின்னுக்கிட்டு, மழையைப் போங்குது புள்ள. அதைக் கேட்டு அம்மா கைதட்டுறா."

கொஞ்ச நேரம் மௌனமாக இருந்தாள். பிறகு, "ஆண்டாள் பக்கத்து ஊருக்காரிதான மாமா? வர்ற மார்கழிக்கு நானும் தினம் ஒண்ணு எழுதப்போறேன். நீங்க ராத்திரி எட்டு மணிக்குப் போன்ல கேக்கணும்" என்றாள்.

சட்டதிட்டங்களை அவளே போட்டாள். பாட்டில் வரும் எதையும் பிள்ளைகள் நேரில் பார்த்திருக்க வேண்டும், அல்லது மலை ஏறினால் பார்க்கக் கிடைக்க வேண்டும். புத்திமதி கூடாது. அரையாண்டு லீவிலும் எழுத வேண்டும். கடைசிச் சட்டம்தான் கடுமையானது. பாடி முடித்ததும் பிள்ளைகள் "இன்னொருக்கா டீச்சர்" என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால், அந்தப் பாட்டு கணக்கில் சேராது. எந்த விருதுக் கமிட்டியும் இவ்வளவு கறாராக இருந்து நான் பார்த்ததில்லை.

2024 டிசம்பர் 16, மார்கழி ஒன்று. விடிகாலையில் கோயில் குழாய் ரேடியோ, ராத்திரி எட்டு மணிக்கு இவள் போன்.

முதல் வாரத்திலேயே ஒரு விஷயம் புரிந்தது. இங்கிலீஷ்காரனுக்கு அடி முடிவில் ஓசை ஒத்துப்போகும் வார்த்தையைத் தேடுவதுதான் பெரும்பாடு. தமிழில் அந்த இயைபு இலவசம். நின்றது, சென்றது, தின்றது, வென்றது என்று வினைச்சொல் எல்லாம் ஒரே வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கும். அதனாலேயே அது சீக்கிரம் சலித்துப்போகும். நம் பாட்டின் உயிர் அடியின் தலையில் இருக்கிறது. முதல் எழுத்து ஒத்துப்போனால் மோனை, இரண்டாம் எழுத்து ஒத்துப்போனால் எதுகை. அதைப் பிடித்துவிட்டால் பிள்ளை தானாகவே தலையாட்டும். மறந்துபோன அடியைக்கூட எதுகை எடுத்துக் கொடுத்துவிடும்.

அடுத்த சிக்கல், எந்தத் தமிழ்? "மரத்தின் மேல் என்று எழுதினால் புள்ளைங்க பாடம்னு நெனச்சு கைகட்டி உக்காந்துருதுங்க. மரத்து மேலன்னா எந்திரிச்சு ஆடுதுங்க. ஆனா, பேசுற மாதிரியே எழுதுனா படிக்கிற தமிழ் எப்ப வரும்னு எங்க ஹெச்.எம். கேக்காங்க" என்றாள். நியாயமான கேள்வி. ஒரு வழி கண்டுபிடித்தாள். பாட்டு பேச்சுத் தமிழில். படத்துக்குக் கீழே பெயர் மட்டும் எழுத்துத் தமிழில். வாய்க்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று.

படம்? அங்கேதான் சிவகாசி உதவிக்கு வந்தது. ஒரு பையனின் அப்பா அச்சகத்தில் வேலை பார்க்கிறார். கழித்துப் போட்ட மாதக் காலண்டர் ஷீட்டுகளைக் கேட்டு வாங்கிக் கொடுத்தார். வழவழவென்று கெட்டித் தாள். ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் வெள்ளை. அச்சடித்த பக்கங்கள் உள்ளே போகிற மாதிரி இரண்டு ஷீட்டை மைதாப் பசையால் ஒட்டி, இரண்டாக மடித்தால் நாலு பக்கப் புத்தகம். நாலு வரிப் பாட்டு, பக்கத்துக்கு ஒரு வரி. படம் வரைவது பிள்ளைகள் பொறுப்பு.

புத்தகம் என்று ஆனதும் பாட்டே மாறிவிட்டது. நாலாவது வரி பின்பக்கத்தில் இருக்கிறது. திருப்பினால்தான் தெரியும். அப்படியென்றால், மூன்றாவது வரி பிள்ளையைத் திருப்பவைக்க வேண்டும். படம் சொன்னதைப் பாட்டு மறுபடி சொல்லக் கூடாது. படத்தில் நாய் வெள்ளையாக இருந்தால், பாட்டில் 'வெள்ளை நாய்' எதற்கு? அந்த இடத்தில் அதன் பேரை வைக்கலாமே.

குழந்தைப் பாட்டைத் தொழில்போலச் செய்தவர்கள் நம்மிடம் இருந்திருக்கிறார்கள். 1922-ல் பிறந்த ராயவரத்துக்காரர் அழ. வள்ளியப்பா, வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் பாடும் பாட்டுகளை எழுதினார். 1950-ல் குழந்தை எழுத்தாளர்களுக்கென்று சங்கமே கண்டார். ம.இலெ.தங்கப்பாவுக்கு 'சோளக்கொல்லைப் பொம்மை' பாடல்களுக்காக 2011-ல் சாகித்ய அகாடமியின் பால சாகித்திய விருது கிடைத்தது. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் 'நுழை, நட, ஓடு, பற' என்று நாலு படிகளில் சின்னச் சின்னப் புத்தகங்களைப் பள்ளிகளுக்கு அனுப்பியது. ஆக, சரக்கு இல்லாமல் இல்லை. அந்தந்த ஊர் வேப்பமரத்தையும், அந்தந்த ஊர் பஸ்ஸையும் பாட்டுக்குள் கொண்டுவர அந்தந்த ஊரில் ஓர் ஆள் வேண்டும். அவ்வளவுதான்.

நாலாம் நாள் மழைப் பாட்டு. போகச் சொன்ன மழையைத் திரும்பக் கூப்பிட வேண்டுமே!

வா மழையே வாசலுக்கு
வந்தா தாரேன் வடை உனக்கு
கரிசக் காடு காஞ்சிருக்கு
கம்மா எல்லாம் காத்திருக்கு

மூன்று தடவை "இன்னொருக்கா" விழுந்ததாகச் சொன்னாள். வடைதான் காரணமாம்.

இங்கே அந்தச் சின்னப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த 'ஒரே ஒரு புள்ள' அவள்தான். அப்பா, அம்மா வடக்கேயிருந்து வந்து நூற்பாலையில் வேலை பார்க்கிறார்கள். ஜூனில் சேர்ந்த பிள்ளை டிசம்பர் வரை வகுப்பில் ஒரு வார்த்தை பேசியதில்லை. கூப்பிட்டால் வருவாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவாள். மற்றபடி ஜன்னல்தான் கதி. "காது கேக்குதான்னு செக் பண்ணச் சொன்னாங்க மாமா. எல்லாம் கேக்குது. பாஷைதான் பூட்டிக் கெடக்கு" என்றாள் என் மருமகள்.

பதினோராம் நாள் பாட்டு, மலை அணில். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் சாம்பல் நிற மலை அணிலுக்காகவே 1988-ல் ஒரு சரணாலயம் வந்தது. 2021-ல் அந்தக் காடு மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகவும் ஆகிவிட்டது. வீட்டு அணிலைப் பார்த்தே பழகிய பிள்ளைகளுக்கு இவ்வளவு பெரிய அணில் என்றால் திகைப்பு.

மலை மேல ஒரு பெரிய அணில்
வாலு மட்டும் ஒரு முழம்
கிளைக்குக் கிளை தாவுது
கீழ விழுது மாம்பழம்

லீவு நாள். பிள்ளைகள் டீச்சர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்றாவது வரி முடிந்தது. யாரும் சொல்லாமல், அந்தப் பிள்ளை கையை நீட்டிப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறாள். பின்பக்கத்தில் மாம்பழம், மேலே கிளையில் எட்டிப் பார்க்கும் அணில். விரலை அதன் மேல் வைத்து, "கிலஹரி" என்றாளாம்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஒரு பையன் முதலில் புரிந்துகொண்டு கத்தினான், "டீச்சர், அவ ஊருல அணிலுக்கு அதான் பேரு!" உடனே பதினாறு பேரும் "கிலஹரி, கிலஹரி" என்று கூத்தடிக்க, அந்தப் பிள்ளை முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறது.

அன்று ராத்திரி எட்டு மணிக்கு வர வேண்டிய போன் ஆறரைக்கே வந்தது. "பேசிட்டா மாமா" என்றாள். அதற்கு மேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை. மறுநாள் பாட்டு அந்தப் பிள்ளைக்குத்தான் எழுதப்பட்டது.

எங்க ஊருல அணில் அணில்
இவ ஊருல கிலஹரி
என்ன சொல்லிக் கூப்பிட்டாலும்
எட்டிப் பாக்கும் சரி சரி

மார்கழிக்கும் ஆண்டாளுக்கும் ஒரு சின்னக் கணக்கு வழக்கு உண்டு. பாசுரம் முப்பது. ஆனால், மாதத்துக்குப் பல வருஷம் இருபத்தொன்பது நாள்தான். அந்த மார்கழியும் அப்படித்தான், ஜனவரி 13-ல் முடிந்துவிட்டது. போகியன்று பழைய பாய் எரிகிற புகையில், என் மருமகள் இரண்டு பாட்டு எழுதி முப்பதை நிரப்பினாள். பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று வகுப்பில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் சணல் கயிறு கட்டி, முப்பது புத்தகத்தையும் தொங்கவிட்டார்கள். அதில் 'இன்னொருக்கா' வாங்கியது பத்தொன்பது.

"மிச்சம் பதினொண்ணு?"

"ரிப்பேருக்கு வெச்சிருக்கேன் மாமா. வண்டி ஓடும்."

2025 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் மூன்று பேர் சேர்ந்தார்கள். மூன்று பேரால் ஒரு பள்ளிக்கூடம் பிழைத்துக்கொள்ளும் என்று நான் சொல்ல மாட்டேன். வேன் இன்னமும் வருகிறது. ஒன்றிலிருந்து மூன்று என்பதை மட்டும் வருகைப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த மூவரில் ஒருவன் அவளுடைய தம்பி. முதல் நாளே, அழுகிற பிள்ளைகளுக்கு நடுவே அழாமல் உட்கார்ந்திருந்தானாம். என்னவென்று பக்கத்தில் போய்க் கேட்டால், வாய்க்குள்ளேயே மலை அணில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது அவனுக்கு. ஆனால், மூன்றாவது வரி முடிந்ததும் காற்றில் கையை நீட்டி, பக்கத்தைத் திருப்புகிறான்.