மூட்டை தூக்கிய உடம்பு

800 மீட்டர் ஓடும் எங்கள் சேரிப் பிள்ளைகளுக்காக உடற்பயிற்சிக்கூடச் சாவி கேட்டுப் போனோம். "மூட்டை தூக்குற உடம்பு, உங்க புள்ளைங்களுக்கு வெயிட் எதுக்கு?" என்றார் பொறுப்பாளர். பாராட்டு போலத்தான் சொன்னார்!

கூலிச் சுமை வேறு, பயிற்சிச் சுமை வேறு தோழர்களே. முன்னது உடம்பைத் தேய்க்கும். பின்னதில் எடையை அளந்து, மெல்லக் கூட்டி, இடையில் ஓய்வும் முட்டையும் தரவேண்டும். அப்போதுதான் கடைசி 200 மீட்டரில் இடுப்பு தொய்யாது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் தங்கம் வென்ற ஆஸ்திரேலியாவின் ஹெர்ப் எலியட் மணல்மேடேறி ஓடியவர், வெயிட்டும் தூக்கியவர்.

இப்போதைக்கு வாரம் இரண்டு நாள், மணல் நிரப்பிய உரச்சாக்கைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழவைக்கிறோம். நடவுக்குப் போய்வந்த பிள்ளைக்கு அன்று விடுப்பு. சாவிக்கு மூன்றாவது மனுவும் கொடுத்தாயிற்று.