டாக்டர் சீட் கிடைக்காவிட்டால் எந்தக் கல்லூரி?

ப்ளஸ் டூவில் உயிரியல் படித்த பிள்ளை இருக்கும் வீட்டில், நீட் தேர்வு முடிந்ததும் மருத்துவ சீட்டைப் பற்றித்தான் பேச்சு. 'கிடைக்காவிட்டால் என்ன செய்வது?' என்று கேட்பதையே அபசகுனமாக நினைக்கிறவர்கள் உண்டு. முடிவு வரட்டும் என்று காத்திருந்தால், மற்ற படிப்புகளுக்கான விண்ணப்பத் தேதி ஓடிவிடும்.

ராசிபுரம் பக்கம் மூன்று ஏக்கரில் மரவள்ளி வைத்து, நான்கு கறவை மாடுகளோடு குடும்பம் நடத்தும் விவசாயி ஒருவர் அப்படிக் காத்திருக்கவில்லை. மகள் அரசுப் பள்ளி மாணவி. தேர்வு எழுதிவிட்டு வந்த அன்றே, "பிசிக்ஸ் கவுத்திருச்சுங்கப்பா" என்று சொல்லிவிட்டாள். மறுவாரமே கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பம் போட்டார். இரண்டுக்கும் ப்ளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு; மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் தேவையில்லை. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், வேளாண்மை, கால்நடை மருத்துவம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு இருக்கிறது. பல பெற்றோர் இதை மருத்துவத்துக்கு மட்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அவர் மனதில் இருந்தது கால்நடை மருத்துவம். நாமக்கல்லிலேயே கல்லூரி இருக்கிறது. பயிற்சிக்காலத்தோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு, எம்.பி.பி.எஸ் போலவே. வீட்டில் மாடும் உண்டு. ஆனால், இதைச் சுலபமாகக் கிடைக்கும் மாற்று என்று எண்ணிவிடக் கூடாது. பொதுப்பிரிவில் கட்-ஆஃப் 200-க்கு 190-க்கு மேல் போகும் படிப்பு அது. மகளுக்குச் சில மதிப்பெண்களில் நழுவிப்போனது.

நீட் மதிப்பெண்ணும் போதவில்லை. யோசனை சொல்ல ஆள் வந்துவிட்டார்கள். "ஒரு வருஷம் கோச்சிங்ல போடுங்க மச்சான், அடுத்த தடவை அடிச்சுரலாம்" என்றார் பெண்ணின் தாய்மாமன். விடுதியோடு சேர்த்துக் கட்ட வேண்டிய பணத்துக்குக் கிணற்றடி ஏக்கரை அடமானம் வைக்க வேண்டும். இன்னொருவர், பக்கத்துக் கலைக்கல்லூரியில் பி.எஸ்சி விலங்கியல் சேர்ந்துகொண்டு நீட்டுக்குப் படிக்கலாம் என்றார். விலங்கியலை விரும்பி எடுத்து எம்.எஸ்சி, பி.எட் என்று போகிறவர்களுக்கு அது நல்ல படிப்பு. பஸ் வரும்வரை உட்காரும் திண்ணையாக நினைத்துச் சேர்ந்தால், மூன்று வருடம் போனதே தெரியாது.

இதற்கு நடுவே வேளாண்மைக் கவுன்சலிங்கில் இடம் கிடைத்தது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாதான் கேட்டார், "படிக்கப்போறது அவ. அவளைக் கேட்டீங்களா?"

மகள் தயங்கித்தான் சொன்னாள். "நர்சிங்குக்கும் போட்டிருக்கேனுங்கப்பா. அப்பத்தா இடுப்பு ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில கிடந்தப்ப பன்னண்டு நாள் கூட இருந்தேன். டாக்டர் வந்து பார்த்துட்டுப் போவாரு. ராத்திரி பூரா அப்பத்தாவைப் புரட்டிப் படுக்க வெச்சது நர்ஸ் அக்காதான். டாக்டர் ஆவ முடியலைன்னா எனக்கு அந்த வேலைதான் வேணும்."

அவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. வேளாண்மை சீட்டை விட்டுவிட்டு நர்சிங்கா என்று ஊர் கேட்கும், கேட்கவும் செய்தது. அவருக்கே அது பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. ஆனாலும், மகள் காரணத்தோடு பேசியதை அவரால் தள்ள முடியவில்லை.

சிக்கல் தேதியில்தான் இருந்தது. நர்சிங் கவுன்சலிங் பின்னால்தான் வரும். அரசுக் கல்லூரிகளில் இடமும் குறைவு. அதுவரை கையில் இருக்கும் சீட்டை விட முடியாது. வேளாண் கல்லூரியில் பணம் கட்டுவதற்கு முன்பே, பாதியில் விலகினால் எவ்வளவு திரும்ப வரும், அசல் சான்றிதழ்கள் எத்தனை நாளில் கைக்கு வரும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டார். எல்லாச் சான்றிதழுக்கும் ஐந்தாறு நகல் எடுத்துவைத்தார். தனியார் கல்லூரியாக இருந்தால் இன்னும் ஒன்று கேட்க வேண்டும்: நர்சிங் என்றால் நர்சிங் கவுன்சில் அங்கீகாரம், வேளாண்மை என்றால் எந்தப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு, ஐ.சி.ஏ.ஆர் அங்கீகாரம் உண்டா என்பது. கட்டடத்தைப் பார்த்து மயங்கிப் பணம் கட்டியவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

சில வாரங்கள் வேளாண்மை வகுப்புக்குப் போனாள். அரசு செவிலியர் கல்லூரியில் இடம் வந்ததும் மாறிக்கொண்டாள். கட்டிய பணத்தில் ஒரு பகுதி போனது போனதுதான்.

அடுத்த மே மாதம் ஒரே ஒருமுறை நீட் எழுதிக்கொள்ளலாம், நிலத்தின்மேல் கடன் கிடையாது என்பது வீட்டில் பேசிவைத்த ஏற்பாடு. எழுதினாள், மதிப்பெண் கூடியது, சீட்டுக்குப் போதவில்லை. இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். தாய்மாமன் மட்டும் பார்க்கும்போதெல்லாம், "அந்த ஒரு வருஷம் விட்டிருக்கலாம்" என்கிறார். அப்பா பதில் சொல்வதில்லை. கிணற்றடி ஏக்கரில் இந்த முறை மஞ்சள் போட்டிருக்கிறார்.