பட்டிக்கு வந்த பார்டர் காலி

முத்தூர் பக்கம் 8 ஏக்கர் கொரங்காட்டில் மேச்சேரி ஆடு வளர்க்கும் அந்த விவசாயியின் வீட்டில், ஒரு வருடம் முழுக்க நாய் என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. காரணம், ஒரு மார்கழி இரவு. தெருநாய்க் கூட்டம் ஒன்று படலைத் தாண்டிப் பட்டிக்குள் புகுந்து 11 ஆடுகளைக் கடித்துப் போட்டது. அதில் 4 சினை ஆடுகள். "திங்கிறதுக்குக் கடிச்சிருந்தா ஒண்ணு ரெண்டோட போயிருக்குமுங்க. இது ஓடுனதையெல்லாம் தொரத்தித் தொரத்திக் கடிச்சிருக்குது" என்று கால்நடை மருத்துவரிடம் சொன்னவர், அதற்குமேல் பேசவில்லை. காங்கயம், வெள்ளகோவில், சென்னிமலை வட்டாரத்து ஆட்டுக்காரர்களுக்கு இந்த வேதனையை விளக்கத் தேவையில்லை. செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு நியாயம் கேட்ட ஊர்கள் இவை.

அப்படிப்பட்டவரிடம்தான், கோவையில் வேலை பார்க்கும் மகள் ஒருநாள் போனில் மெதுவாக ஆரம்பித்தார்.

"அப்பா, இங்க நாய்க் காப்பகத்துல ஆடு மேய்க்கிற சாதி நாய் ஒண்ணு இருக்குதுங்க. ரெண்டு வீடு மாறித் திரும்பி வந்திருச்சு. பாவமா இருக்குதுங்கப்பா."

"நாய் ஆட்டை மேய்க்குமா? நாய்ப் பேச்சே வேண்டாங் கண்ணு."

ஆனால், வீட்டம்மா விடவில்லை. கணவருக்கு வயது 60-ஐத் தாண்டிவிட்டது. முழங்கால் வலி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இரண்டாவது காட்டுக்கு ஆடுகளை ஓட்டிப்போய்த் திருப்பிக் கொண்டுவருவதற்குள் அவர் படும் பாடு அவருக்குத்தான் தெரியும். கிளுவை வேலியில் ஒரு சந்து கிடைத்தால் போதும், பாதி மந்தை பக்கத்துச் சோளக்காட்டில் நிற்கும். "போய்ப் பாத்துட்டுத்தான் வாங்களேன். பாக்கறதுக்கு காசா கேக்கறாங்க?" என்றார்.

வேலையில்லாததுதான் குற்றம்

காப்பகத்தில் இருந்தவை பெரும்பாலும் வண்டியில் அடிபட்டு வந்த தெருநாய்கள். ஓர் ஓரத்துக் கூண்டில், கறுப்பும் வெள்ளையுமாக, நீளமுடியோடு 2 வயது ஆண் நாய் ஒன்று இடமும் வலமுமாக ஓயாமல் நடந்துகொண்டிருந்தது. பார்டர் காலி இனம். அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் குட்டியாக வாங்கி வளர்த்திருக்கிறார்கள். விளையாடும் பிள்ளைகளைச் சுற்றிச் சுற்றி ஓடி ஒரு மூலைக்கு ஒதுக்கியிருக்கிறது. ஓட்டம் பிடித்த ஒரு பையனின் குதிகாலைப் பல்லால் தொட்டிருக்கிறது. பைக் போனால் விரட்டியிருக்கிறது. 'கடிநாய்' என்று பெயர் வாங்கியதும் காப்பகத்தில் விட்டுவிட்டார்கள். அடுத்து எடுத்துப்போன வீட்டிலும் அதே கதை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர், "உழுது பழகுன மாட்டைச் சும்மா கட்டிப்போட்டா முட்டத்தானுங்க செய்யும்" என்றார். நாய் மேல் அவருக்கு வந்த முதல் இரக்கம் அதுதான்.

இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப்புற மலைகளில் உருவான இனம் இது. பெயரில் உள்ள 'பார்டர்' அந்த எல்லையைத்தான் குறிக்கிறது. 1873-ல் வேல்ஸ் நாட்டின் பாலா என்ற ஊரில் மேய்ப்பு நாய்களுக்கான போட்டி நடந்தது. 1906-ல் அவற்றுக்கென்று ஒரு சங்கமே ஆரம்பித்துவிட்டார்கள். அழகைப் பார்க்காமல், ஆடு ஓட்டும் திறமையை மட்டும் பார்த்துப் பார்த்துப் பெருக்கிய நாய் இது. நம் ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை போன்றவை வேட்டைக்கும் காவலுக்கும் பேர் போனவை. ஆட்டை ஓட்டுவதற்கு நம்மிடம் தொரட்டிக்கோலும் சீட்டிச் சத்தமும்தான்.

காப்பகத்தில் இலவசமாகத்தான் கொடுத்தார்கள். ஆனால், நிபந்தனைகள் இருந்தன. எப்போதும் சங்கிலியில் கட்டி வைக்கக் கூடாது. வருடா வருடம் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். ஒத்துவரவில்லை என்றால் ரோட்டில் விடாமல் அவர்களிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். கருத்தடை ஏற்கெனவே செய்திருந்தார்கள். அவரும் 11 ஆடுகள் செத்த கதையை மறைக்காமல் சொன்னார். ஒரு மாதம் வைத்துப் பார்ப்பது என்று பேச்சு முடிந்தது.

மூன்றாவது வாரம்

ஊருக்குள் வண்டி நுழைந்ததுமே கேலி ஆரம்பித்தது. "பேரே காலியாமா? உன்ற பட்டியைக் காலி பண்ணத்தான் வந்திருக்குது" என்றார் பக்கத்துக் காட்டுப் பங்காளி அண்ணன்.

இரண்டு வாரம் கயிற்றில் பிடித்தபடியே ஆடுகளைக் காட்டினார். நாய் குரைக்கவில்லை. தலையைத் தாழ்த்தி, கண் கொட்டாமல் ஆடுகளையே பார்த்தது. அமைதியாகத்தானே இருக்கிறது என்று மூன்றாவது வாரம் கயிற்றை அவிழ்த்துவிட்டார். அம்புபோலப் பாய்ந்தது. மிரண்ட மந்தை நாலாபக்கமும் சிதறியது. ஒரு சினை ஆட்டை நாய் தனியாகப் பிரித்து விரட்ட, அது கிளுவை வேலியில் போய் மாட்டிக்கொண்டது. பின்னங்காலில் பல் பட்ட காயம். இரண்டாம் நாள் அந்த ஆடு குட்டி வீசிவிட்டது.

"ரத்த ருசி கண்ட நாய் விடாது தம்பி. கொண்டு போய் விட்டுரு" என்றார் அண்ணன். அன்று இரவு அவருக்குத் தூக்கமில்லை. விரட்டலும் கடியும் மார்கழியில் பார்த்த அதே காட்சிதான். விடிந்ததும் மகளைக் கூப்பிட்டு, வண்டி கொண்டுவரச் சொன்னார்.

மகள் காப்பகத்து ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் நாயைக் குறை சொல்லவில்லை. அவசரத்தைத்தான் குறை சொன்னார். ஓநாய் இரை பிடிப்பதில் உற்றுப் பார்ப்பது, பதுங்குவது, விரட்டுவது, கடிப்பது, கொல்வது என்று படிகள் உண்டு. மேய்ப்பு நாயில் முன்படிகளை வளர்த்து, கடைசிப் படிகளைத் தலைமுறை தலைமுறையாகக் குறைத்திருக்கிறார்கள். ஆனால், அது முழுதாக அழிந்துபோன குணம் அல்ல. எங்கே நிற்க வேண்டும் என்று மனிதர் சொல்லித் தராவிட்டால், விரட்டல் கடியில் முடியும். "மொத மந்தையையே 45 ஆடா குடுத்தா எப்புடீங்க? அஞ்சு ஆட்டுல ஆரம்பிங்க" என்றார்.

திருப்பி அனுப்ப வந்த வண்டி வெறுமனே போனது.

சோத்தாங்கை, பீச்சாங்கை

எதற்கும் மிரளாத கிழட்டு ஆடுகள் ஐந்தைத் தனியாகப் பிரித்தார். நாய்க்கு 30 அடி நீளக் கயிறு. முதல் பாடம் 'படு'. ஆட்டைக் கண்ட வேகத்திலும், சொன்ன உடனே படுக்க வேண்டும். அதற்கே ஒன்றரை மாதம் ஆனது. காலையில் கால் மணி நேரம், சாயங்காலம் கால் மணி நேரம். அதற்குமேல் போனால் நாய்க்கும் சலிப்பு, ஆட்டுக்கும் மிரட்சி.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தார். ஆடுகளுக்கு இந்தப் பக்கம் அவர் நின்றால், நாய் சுற்றிக்கொண்டு நேர் எதிர்ப்பக்கம் போய் நிற்கிறது. அவர் நகர்ந்தால் அதுவும் நகர்ந்து, மறுபடி எதிரே. தப்பித்து ஓடப் பார்க்கவில்லை. ஆடுகளை அவரிடம் கொண்டுவந்து சேர்க்கத்தான் பார்க்கிறது. யாரும் சொல்லித் தராமல் பிறவியிலேயே வந்த குணம் அது. அடுக்குமாடியில் பிள்ளைகளை மூலைக்கு ஒதுக்கியதும் இதே வேலையைத்தான்.

அதற்குப் பிறகு இரண்டு சொற்கள். அவருக்குச் சோத்தாங்கைப் பக்கமாகச் சுற்றிப் போக 'சோத்து'. பீச்சாங்கைப் பக்கமாகப் போக 'பீச்சு'. ஆறு மாதத்தில், ரோட்டைத் தாண்டி அடுத்த காட்டுக்கு ஆடுகளை ஓட்ட இன்னொரு ஆள் தேவைப்படவில்லை. தடுப்பூசி போடும் நாளில் மந்தை முழுவதையும் மூலையில் நிறுத்தி வைத்து, நாய் எதிரே படுத்துக்கொள்கிறது. அவர் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுக்கிறார்.

சந்தோஷம் மட்டுமே இல்லை. சித்திரை வெயில் இந்த இனத்துக்கு ஆகாது. காலை 9 மணிக்குமேல் வேலை கிடையாது. வெள்வேல மர நிழலும் தொட்டித் தண்ணீரும்தான். உள்முடி தோலைக் காப்பதால் மொட்டையடிப்பதும் தவறு. கொழுக்கட்டைப்புல் விதையும் நெருஞ்சி முள்ளும் முடியிலும் பாதத்திலும் ஏறிவிடும். தினமும் சீவி எடுப்பது வீட்டம்மாவின் வேலை.

ஒருமுறை பெரிய ஆபத்து நூலிழையில் தப்பியது. நாய் மேல் உண்ணி. ஆடுகளுக்குப் போட்ட ஐவர்மெக்டின் மருந்து பாட்டிலில் மீதி இருந்தது. அதையே நாய்க்கும் போடலாமா என்று கேட்டபோது மருத்துவர் பதறிவிட்டார். காலி வகை நாய்களில் சிலவற்றுக்கு ஒரு மரபுக் குறை உண்டு. அந்தக் குறை இருந்தால் இந்த மருந்து மூளைக்குள் ஏறி உயிரையே எடுத்துவிடும். வெளியே பார்த்தால் எந்த நாய்க்கு இருக்கிறது என்று தெரியாது. ஆட்டு மருந்தை அளவு குத்துமதிப்பாக நாய்க்குப் போடுவது எந்த இனத்துக்குமே ஆபத்து.

மருத்துவர் சொன்ன இன்னொரு விஷயம், அறுத்த ஆட்டின் தலையையோ குடலையோ நாய்க்குப் பச்சையாகப் போடக் கூடாது என்பது. அதில் உள்ள கட்டிகள் நாயின் குடலில் நாடாப்புழுவாக வளரும். அதன் முட்டை சாணத்தோடு மேய்ச்சலில் விழுந்து மறுபடி ஆட்டுக்குப் போகும். ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றிச் சாகும் மூளைக்கட்டி நோய் வருவது இப்படித்தான். வேறொரு வகைப் புழு மனிதரின் ஈரலிலும் நீர்க்கட்டி உண்டாக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாய்க்குக் குடற்புழு நீக்க மாத்திரை கொடுப்பது இப்போது அந்த வீட்டுக் காலண்டரில் குறித்து வைத்த வேலை.

மறுபடியும் காப்பகம்

ஒன்றை மட்டும் அவர் கேட்பவர்களிடம் மறைப்பதில்லை. பார்டர் காலி ஆடு ஓட்டும் நாய். காவல் நாய் அல்ல. தெருநாய்க் கூட்டம் வந்தால் எதிர்த்து நிற்கும் உடம்பும் குணமும் அதற்கில்லை. இரவானால் அதைத் திண்ணைக்குக் கொண்டுவந்துவிடுகிறார். "இது இருந்திருந்தாலும் அன்னிக்கு அந்த 11 ஆடு செத்துத்தானுங்க இருக்கும்" என்கிறார். பட்டிப் படலை உயர்த்திக் கம்பிவலை அடித்திருக்கிறார்.

போன ஐப்பசியில் அவரே மகளைக் கூட்டிக்கொண்டு அந்தக் காப்பகத்துக்கு மறுபடி போனார். இந்த முறை எடுத்து வந்தது 2 மாதப் பெண் குட்டி. சுத்தமான நாட்டு நாய். தாய் வண்டியில் அடிபட்டுச் செத்த தெருநாய். காவலுக்கு வளர்க்கும் நாயைச் சின்னதிலிருந்தே ஆடுகளோடு விட்டு வளர்த்தால்தான், ஆடுகளைத் தன் கூட்டமாக நினைக்கும் என்று காப்பகத்தில் சொல்லியிருந்தார்கள்.

"திரும்பவும் தெருநாயா? பட்டது போதாதா தம்பி?" என்று பங்காளி அண்ணன் கேட்டார்.

"அதுவும் யாரோ தெருவுல விட்டதுதானுங்கண்ணா" என்றார்.

குட்டி இப்போது பட்டிக்குள், பால்குடி மறந்த ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவே படுத்துத் தூங்குகிறது. அவற்றோடு விளையாட்டாக விரட்டினால், உடனே அதட்டி நிறுத்துகிறார். அது காவல் காக்குமா என்பது வளர்ந்த பிறகுதான் தெரியும். அதுவரைக்கும் படலுக்கு வெளியே கயிற்றுக் கட்டிலைப் போட்டு, கையில் டார்ச் லைட்டோடு அவரும் அங்கேதான் படுத்துக்கொள்கிறார்.