கந்தப்பளையில் ஒரு போஞ்சிப் பரிசோதனை

வித்து முளைப்பதற்குத் தேவையானவை எவை என்று இலங்கையில் ஆரம்ப வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். நீர், வளி, உகந்த வெப்பநிலை என்று மூச்சுவிடாமல் சொல்லும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு அந்த விடை போதும். உகந்த வெப்பநிலை என்றால் என்ன என்று அடுத்த கேள்வியைக் கேட்டால்தான் சிக்கல். பாடத்தின் பெயர் 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்'. பரீட்சை நெருங்க நெருங்க, செயற்பாடு ஒதுங்கி விடை மட்டும் எஞ்சிவிடுகிறது.

கந்தப்பளையில் என் அக்காவின் பேரப்பிள்ளைகள் இருவரும் அப்படித்தான் ஒப்புவித்தார்கள். மூத்தவளுக்கு ஒன்பது வயது, இளையவனுக்கு ஏழு. நுவரெலியாவிலிருந்து இராகலைக்குப் போகும் வழியில், ஆறாயிரம் அடிக்கும் மேலே இருக்கிறது ஊர். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் லீக்ஸ், கரட், உருளைக்கிழங்குப் பாத்திகள். பிள்ளைகள் கண்விழிப்பதே பச்சையில்தான். ஆனாலும் ஒரு விதையை முளைக்கவைத்துப் பார்த்ததில்லை என்றார்கள்.

டிசம்பர் விடுமுறையில் மூன்று ஜாம் போத்தல்களை எடுத்துக்கொண்டோம். உட்புறம் பஞ்சை ஒட்டி, பஞ்சுக்கும் கண்ணாடிக்கும் இடையே மூன்று மூன்று போஞ்சி விதைகளைச் செருகினோம். முதல் போத்தலுக்கு நீர் தெளித்து ஜன்னலோரம் வைத்தோம். இரண்டாவதற்கும் நீர் தெளித்து, அடுப்பங்கரையில் இளஞ்சூடு மட்டும் படும் மூலையில் வைத்தோம். மூன்றாவதை நீரின்றி அதன் அருகிலேயே வைத்தோம். இதில் ஓர் எச்சரிக்கை. கடையில் விற்கும் நாற்று விதைகளில் பூஞ்சண மருந்து தடவிச் சாயமேற்றியிருப்பார்கள். அவற்றைச் சிறுவர் கையில் கொடுக்கக் கூடாது. வீட்டில் முற்றவிட்டுக் காயவைத்த விதையே நல்லது.

கொழும்பு வெக்கையில் போஞ்சி நாலைந்து நாளில் முளைத்துவிடும். கந்தப்பளைக் குளிரில் அப்படியல்ல. அடுப்பங்கரைப் போத்தலில் ஆறாம் நாள் வேர் தெரிந்தது. ஜன்னலோரத்தில் பன்னிரண்டாம் நாள்தான் அசைவு. மூன்றாவது போத்தல் கடைசிவரை அப்படியே கிடந்தது. வெளிச்சமே இல்லாத மூலையில் எப்படி முதலில் முளைத்தது என்று சிறுவன் வியந்தான். போஞ்சி முளைப்பதற்கு வெளிச்சம் வேண்டியதில்லை, முளைத்த பிறகு வளர்வதற்குத்தான் வேண்டும் என்பதைப் பின்னர் அவனே கண்டான். இருட்டில் எழுந்த தண்டு வெளிறி, நீண்டு, கதவு இருந்த திசைக்குச் சாய்ந்தது. 'உகந்த வெப்பநிலை' என்ற சொல்லுக்கு அவ்வீட்டில் அன்று பொருள் கிடைத்தது.

அடுத்த கட்டத்தை நான் திட்டமிட்டிருந்தேன். ஆனால் நடத்தியவர் என் அக்கா. தகர டின்களில் மண்ணிட்டு இரண்டு நாற்றுகளை நட்டோம். முதல் இரண்டு இலைகள் விரிந்ததும், ஒன்றின் நுனியைக் கிள்ளிவிட்டு மற்றதைத் தொடாமல் விடவேண்டும் என்றேன். நகத்தால் கிள்ளாமல், விரல்களுக்கிடையே பிடித்து ஒடிக்கவேண்டும் என்று அக்கா செய்து காட்டினார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்த விரல்கள் அவை. அடுத்து என்ன நடக்கும் என்று பேத்தி கேட்டாள். இரண்டு இலைக் கக்கத்திலும் புதுக்கொழுந்து கிளம்பும், பார் என்றார் அம்மாயி. நான் ஊர் திரும்பி மூன்றாம் வாரம் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. தொடாத செடி ஒற்றைத் தண்டாக உயர்ந்திருந்தது. நுனி ஒடித்த செடியில் இரு கிளைகள்.

செடியின் நுனி அரும்பில் ஒட்சின் என்னும் ஓமோன் உண்டாகிறது. அது கீழிறங்கிக் கக்க அரும்புகளை அடக்கி வைக்கிறது. நுனி போனால் அந்த அடக்குமுறை தளர்ந்து பக்க அரும்புகள் எழுகின்றன. 1933இல் அமெரிக்காவில் கெனத் திமானும் ஃபோல்க் ஸ்கூக்கும் இதைக் காட்டியதும் ஓர் அவரையினத்துச் செடியை வைத்துத்தான். தேயிலையும் விட்டுவிட்டால் மரமாகிவிடும். உயர்ந்த மலைகளில் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டும் கவ்வாத்தும், வாரந்தோறும் நுனியை ஒடிக்கும் விரல்களும் சேர்ந்தே அதை இடுப்பளவுப் புதராக வைத்திருக்கின்றன. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்ட காலத்திலிருந்து இத்தொழில் இந்த ஒடிப்பை நம்பித்தான் நடக்கிறது.

1925இல் தொடங்கப்பெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இயங்குகிறது. அங்கே இது விஞ்ஞானம். மலையில் கூடை சுமப்பவருக்கு இது வெறும் நாட்கூலி. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல். அதன்பின் படித்து மேலேறிய தலைமுறைகள் பல. படித்தால் கொழுந்து பறிக்க வேண்டியதில்லை என்று சொல்லித்தான் எம்மைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்தச் சொல்லோடு, அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்ற எண்ணமும் பிள்ளை மனத்தில் குடியேறிவிடுகிறது. அம்மாயியின் அறிவைப் புகழ்வதால் சம்பளம் உயராது, லயம் வீடாகாது. அவை வேறு போராட்டங்கள். எனினும் பள்ளிப் புத்தகத்தில் இருப்பதை அம்மாயியின் கை முன்பே அறிந்திருந்தது என்று ஒரு பிள்ளை கண்டுகொள்வது சிறிய காரியமல்ல.

டொரொண்டோவிலும் லண்டனிலும் இருக்கும் வாசகர்களுக்கும் இது இயலும். குளிர்காலமென்றால் போஞ்சிக்குப் பதில் பட்டாணி போடுங்கள், குளிரை அது தாங்கும். வீட்டில் பாட்டி இருந்தால் அவரையும் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள். நாற்றங்கால் விதைத்தவராக இருக்கலாம், கிழங்குக்குப் பனங்கொட்டை பாத்தியிட்டவராக இருக்கலாம். விளக்கத்தை நீங்கள் தொடங்குமுன் அவரிடம் ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள்.