மழைக்கால வெடிப்பு

போன மாதம் ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்கு போன் கிணுகிணுத்தது. இந்த வயதில் அந்த நேரத்தில் போன் வந்தால் மனசு முதலில் எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். வீட்டுக்காரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தால் வாட்ஸ்அப்பில் 11 படங்கள். டெக்சஸில் இருக்கும் என் மைத்துனர் மகன் அனுப்பியது. எல்லாம் பித்தளை. எல்லாம் வெடித்த பித்தளை.

"மாமா, பித்தளையோடயே முப்பது வருஷம் குப்பை கொட்டினவர் நீங்க. இது ஏன் இப்படி ஆவுதுன்னு சொல்லுங்க" என்று கீழே ஒரு வரி.

அவனுக்கு அங்கே ஒரு பொழுதுபோக்கு. சனிக்கிழமை கிளப்புக்குப் போய் ரிவால்வரால் அட்டையைச் சுடுவது. சுட்ட பிறகு மிஞ்சும் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, டையில் விட்டு அளவுக்குக் கொண்டுவந்து, மறுபடி தோட்டாவாக்கிக்கொள்வது. அங்கே அது தச்சு வேலை, தோட்ட வேலை மாதிரி ஒரு கைவேலை. நம் ஊரில் லைசென்ஸ் இல்லாமல் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கக்கூடாது. நானும் கல்லூரியில் என்.சி.சி.யில் தொட்ட .22 துப்பாக்கியோடு சரி. ஆனால் தோட்டாக் கூடு என்பது எனக்கு அந்நியம் இல்லை. தகட்டில் வட்டம் வெட்டி, பிரஸ்ஸில் கிண்ணமாக்கி, அதையே மறுபடி மறுபடி இழுத்து நீளக் குப்பியாக்குவதுதான் அது. தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் நான் சோறு தின்றதும் அந்த வேலையில்தான். 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். கடைத்தெருவில் அந்தக் கலவைக்குப் பெயரே கார்ட்ரிட்ஜ் பிராஸ்.

அவன் சுடுவது .357 மேக்னம். 1935இல் வந்தது. பழைய .38 ஸ்பெஷலைவிடக் கூடு சுமார் 3 மில்லிமீட்டர் நீளம். தெரியாத்தனமாகப் பழைய ரிவால்வரில் போட்டுவிடக் கூடாதென்றுதான் நீளத்தைக் கூட்டினார்கள். கழுத்து குறுகாமல் நேர் சுவராக நிற்கும் குப்பி. (பெங்களூர் கென்னத் ஆண்டர்சன் நம் சேலம், தருமபுரிக் காடுகளில் தூக்கிக்கொண்டு அலைந்த .405 வின்செஸ்டரும் நேர் சுவர்தான். அவர் கதைகளை ராத்திரியில் படித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போகப் பயந்த காலம் உண்டு.) சுடும் கணத்தில் அந்தக் கூட்டுக்குள் ஏறும் அழுத்தத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் எல்லை சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. நம் கார் டயரில் அடிக்கும் காற்று 30, 32. ஆயிரம் மடங்கு. அதைத் தாங்கிவிட்டு ஒன்றுமே நடக்காததுபோல் வெளியே வருகிறது என்றால் பித்தளையைக் கும்பிடத்தான் வேண்டும்.

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் காப்பி குடித்தபின் அவனைக் கூப்பிட்டேன்.

முதல் நாலைந்து படங்களில் வாய் விளிம்பிலிருந்து நேராகக் கீழே இறங்கிய கீறல். இது வயசுக் கோளாறு. ஒவ்வொரு முறையும் வாயை விரித்து, குண்டை வைத்து, மறுபடி மடித்து இறுக்குகிறான். கம்பியை வளைத்து வளைத்து உடைக்கிற கதைதான். பித்தளை வேலை செய்யச் செய்ய விறைத்துக்கொள்ளும், கடைசியில் பிளக்கும். நிக்கல் பூசிய கூடு இன்னும் சீக்கிரம் பிளக்கும். "காய்ச்சிப் பதம் போட்டு மிருதுவாக்கிடவா மாமா?" என்றான். வேண்டவே வேண்டாம் என்றேன். நீளமான ரைபிள் கூட்டில் வாயை மட்டும் காய்ச்சலாம். இந்தக் குட்டைக் குப்பியில் வாயில் காட்டும் சூடு அடிப்பாகத்துக்கும் ஓடிவிடும். அடி மிருதுவானால் அந்த 35,000த்தை யார் பிடிப்பது? கீறல் விட்டதைக் குறட்டால் நசுக்கிப் போடு, நசுக்காமல் போட்டால் நாளைக்கு நல்லதோடு கலந்துவிடும் என்றேன்.

இரண்டு படங்களில் அடிப்பக்கம் பளபளவென்று ஒரு வளையம். அதைப் பார்த்துத்தான் அவன் ரொம்பப் பயந்திருந்தான். கழுத்துள்ள ரைபிள் கூட்டில் அப்படி வளையம் தெரிந்தால் உள்ளே சுவர் மெலிந்து அறுந்துபோகிற அறிகுறி என்று பயப்படலாம். நேர் சுவர்க் கூட்டில் பெரும்பாலும் அது டை அழுத்திய தடம். ஆனாலும் ஊகத்தில் விடாதே, கம்பி நுனியைக் கொக்கியாக வளைத்து உள்சுவரில் தடவிப் பார், பள்ளம் தட்டுப்பட்டால் தூக்கிப் போடு என்றேன். தடவினான். தட்டுப்படவில்லை.

கடைசி நான்கு படங்கள்தான் எனக்கு வயிற்றைப் பிசைந்தன. அவை சுட்ட கூடுகள் அல்ல. தயார் செய்து டப்பாவில் போட்டு ஷெல்பில் வைத்தவை. யாரும் தொடவில்லை, ஏழெட்டு மாதத்தில் தானாகப் பிளந்திருக்கின்றன.

"எதைப் போட்டுத் தேய்ச்சே?"

"பளபளன்னு இருக்கட்டும்னு பித்தளை பாலிஷ் கொஞ்சம் ஊத்தினேன் மாமா."

"மூக்கைத் துளைக்கிற நெடி இருந்துதா?"

இருந்தது என்றான். அம்மோனியா. அந்த டப்பாவில் ஒன்றைக்கூடச் சுடாதே, விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துப் பிரித்துவிடு என்று கண்டிப்பாகச் சொன்னேன். வரும்போது எனக்குக் காட்ட ஒரு காலிக் கூடு எடுத்து வருகிறேன் என்றான். அந்த வேலையே வேண்டாம், பெட்டியில் காலிக் கூடு ஒன்று இருந்தாலும் விமான நிலையத்தில் உட்கார்ந்து பதில் சொல்லியாக வேண்டும் என்றேன். வைத்துவிட்டான். எனக்குத்தான் அன்று பகலெல்லாம் வேலை ஓடவில்லை.

1986. தீபாவளி விடுமுறைக்கு முன்பு ஒரு மின்சாமான் ஆர்டருக்கு 2,000 பித்தளைக் குப்பி இழுத்து முடித்திருந்தோம். கட்டைவிரல் பருமன், மூன்று அங்குல உயரம். சாக்கில் கட்டிப் பின் சுவரோரம் அடுக்கிவிட்டு ஷட்டரை இழுத்துவிட்டுப் போனோம். அந்த வாரம் பூரா அடைமழை, வழுதாவூர் சாலையில் முழங்கால் தண்ணீர். திரும்பி வந்து சாக்கை அவிழ்த்தால் குப்பி குப்பியாக நெடுக்கே வெடிப்பு. கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று டிக்கென்று சத்தம் போட்டுப் பிளந்தது.

பிரஸ் ஓட்டியவன் 22 வயசுப் பையன். நன்றாக வேலை செய்கிறவன். ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவில் குப்பிகளை உலையில் போட்டுக் காய்ச்ச வேண்டும், அதுதான் விதி. பண்டிகைக்கு ஊருக்குப் போகிற அவசரத்தில் ஒரு காய்ச்சலை விட்டுவிட்டான் என்று நான் முடிவு கட்டினேன். "காய்ச்சினேன் சார், சாமி சத்தியமா காய்ச்சினேன்" என்றான். நான் சூபர்வைசர். முதலாளி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையனை அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பினோம். நஷ்டத்தில் ஒரு பகுதியை அவன் சம்பளத்தில் பிடித்தார்கள். எழுதிக் கொடுத்தது என் கை.

ஏழு வருஷம் கழித்து, ரோமென் ரோலன் நூலகத்தில் ஒரு பழைய உலோகவியல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அதைப் படித்தேன். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் இருந்த பட்டாளத்துக்குப் பெரிய தலைவலி ஒன்று இருந்திருக்கிறது. மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயத்தில் வைத்திருப்பார்கள். மழை விட்டு எடுத்துப் பார்த்தால் கூடுகள் வெடித்துக் கிடக்கும். வெகுகாலம் காரணம் பிடிபடவில்லை. 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று பேர்தான் விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, மழை ஈரம், இழுத்த பித்தளைக்குள் அடைந்து கிடக்கும் விறைப்பு எல்லாம் சேர்ந்தால் பித்தளை மணி மணியாகப் பிரிந்து பிளக்கும். ஒன்று குறைந்தாலும் பிளக்காது. மருந்தும் சுலபம். கடைசி இழுப்புக்குப் பிறகு லேசாக, 250 டிகிரிக்குச் சற்று மேலே ஒரு சூடு காட்டினால் போதும். உள் விறைப்பு போய்விடும், கெட்டித்தன்மை போகாது.

எங்கள் பட்டறைப் பின் சுவருக்கு அந்தப் பக்கம் வாட்ச்மேன் இரண்டு பசு கட்டியிருந்தார். ஜன்னல் கண்ணாடி உடைந்து வருஷக்கணக்காகிறது. கோமிய நெடி எங்களுக்குப் பழகிப்போய் மூக்கில் ஏறுவதே இல்லை. நடுக் காய்ச்சல்கள் எல்லாவற்றையும் பையன் சரியாகத்தான் செய்திருக்கிறான். கடைசி இழுப்புக்குப் பிறகு சூடு காட்ட வேண்டும் என்பது வேலைச் சீட்டில் இல்லை. சீட்டு எழுதியவன் நான்.

அப்போதே அவன் வீட்டைத் தேடிப் போனேன். ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டதாக அவன் அம்மா சொன்னார்கள். என்ன விஷயம் என்று கேட்டார்கள். சும்மாதான் என்று சொல்லிவிட்டு, மோர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு 30 வருஷத்துக்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. வேலைச் சீட்டை மட்டும் திருத்தினேன். அதற்குப் பிறகு ஒரு குப்பி வெடிக்கவில்லை.

படங்கள் வந்த மூன்றாம் நாள், பழைய வாட்ச்மேனின் மகனைப் பிடித்து நம்பர் வாங்கினேன். இரண்டு தடவை போட்டுவிட்டு மணி அடிக்குமுன் நிறுத்தினேன். மூன்றாவது தடவை எடுத்துவிட்டார். பெயரைச் சொன்னதும் "சார், நல்லா இருக்கீங்களா? அம்மா சௌக்கியமா?" என்றார். குரல் கொஞ்சம் தடித்திருந்தது. நான் குதிரை லாயம், மாட்டு மூத்திரம், 1921 என்று எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில், "தப்பு உங்களது இல்லை, என்னுது" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அது எனக்கு அப்பவே தெரியும் சார்" என்றார். "அந்த லாட்டுல ரெண்டு குப்பியை லீவுக்கு முன்னாடி வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன், எங்கம்மாகிட்ட காட்ட. ரெண்டும் வெடிக்கவே இல்லை. நான் காய்ச்சாம விட்டிருந்தா அதுவும்தானே வெடிச்சிருக்கணும்? அதைக் காட்டத்தான் மறுநாள் பட்டறைக்கு வந்தேன். உங்களைப் பார்க்கணும்னு சொன்னேன். உள்ள விடலை."

உள்ளே விடாதே என்று வாட்ச்மேனிடம் சொன்னதும் நான்தான். அதையும் சொன்னேன்.

அந்த இரண்டு குப்பிகளும் இன்னும் இருக்கின்றனவாம். ஒன்றில் அவர் வீட்டம்மா தையல் ஊசிகளைப் போட்டு வைத்திருக்கிறாராம். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது மற்றதை எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.