விருந்தாளி கைவிடாத ஏடு

ஊரை விட்டு வந்தவனுக்கு எதைப் பார்த்தாலும் ஊர் நினைவு என்பார்கள். தாவரவியல் முதுகலை மாணவனாகத் தில்லிக்கு வந்த எனக்கு அந்நினைவு நுண்ணோக்கியிலும் வருகிறது.

ஹைட்ரில்லா என்னும் நீர்ச்செடியின் இலையொன்றைக் கண்ணாடித் தகட்டில் இட்டுப் பாருங்கள். செங்கல் அடுக்கினாற்போல் உயிரணுக்கள். ஒவ்வொன்றுக்கும் செல்லுலோஸ் மதில். நடுவே நீர் நிறைந்த பெருங்குமிழ். பரம்பரைச் செய்தியைக் காக்கும் உட்கரு. மதிலை ஒட்டிப் பச்சை மணிகள் ஊர்வலம் போகின்றன. அவையே பசுங்கணிகங்கள்: வெயிலையும் நீரையும் கரியமில வாயுவையும் கொண்டு சர்க்கரை சமைக்கும் அடுக்களைகள். நாம் உண்ணும் சோற்றுக்கு மூலம் அங்கேதான்.

இந்தச் சமையற்காரன் அவ்வீட்டில் பிறந்தவன் அல்லன். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், தனித்து வாழ்ந்த நீலப்பச்சை நுண்ணுயிர் ஒன்று வேறோர் உயிரணுவினுள் புகுந்து தங்கிவிட்டது. 1905-இல் ருஷ்ய விஞ்ஞானி மெரெஷ்கோவ்ஸ்கி இதைச் சொன்னார், ஏற்றவர் சிலரே. அமெரிக்க அம்மையார் லின் மார்குலிஸ் மீண்டும் எழுதினார். பல இதழ்கள் திருப்பி அனுப்பிய பின்னரே 1967-இல் அது அச்சேறியது.

1986-இல் ஜப்பானிய அறிஞர்கள் புகையிலைப் பசுங்கணிகத்தின் டிஎன்ஏவை முழுதும் படித்து முடித்தனர். ஆயிரக்கணக்கான மரபணுக்களோடு வந்த விருந்தாளியிடம் எஞ்சியவை நூற்றுச் சொச்சமே! பல தொலைந்தன, பல உட்கருவுக்குப் போயின. இனித் தனித்து வாழ அதனால் இயலாது.

இதைப் படித்தபோது நெஞ்சு கனத்தது. இங்கே வளரும் என் அண்ணன் மகள், தமிழில் கேட்டால் இந்தியில் விடை சொல்கிறாள். நம் கதையும் இதுதானா?

ஆனால், நண்பர்களே, பசுங்கணிகம் எதைக் கைவிடவில்லை என்றும் பாருங்கள். ஒளியை ஏற்கும் பொறியின் நடுவே டி1 என்றொரு புரதம் உண்டு. அது வெயிலில் ஓயாமல் பழுதாகும். ஓயாமல் புதிதாகச் செய்யவேண்டும். அதற்குரிய மரபணுவைப் பசுங்கணிகம் தன்னிடமே வைத்திருக்கிறது. அடிக்கடி பழுது பார்ப்பதற்கானது கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும் என்று இதற்குக் காரணம் கூறுவோர் உண்டு.

மொழியும் அத்தகையதே. பேசாத நாளெல்லாம் அது பழுதாகிறது. பழுது நீக்க ஊரிலிருந்து எவரும் வரப்போவதில்லை. இந்நகரிடம் பெறுவதைப் பெறுவோம், கொடுப்பதைக் கொடுப்போம்; அதில் இழிவொன்றும் இல்லை. ஞாயிறுதோறும் அண்ணன் மகளுக்குப் பத்துத் தமிழ்ச் சொற்கள் சொல்லித் தருகிறேன். சென்ற வாரம் அவளே ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்: ‘இலை’.