முலாம் ஏறும் இடம்

சிதம்பரத்துக் கவரிங் பட்டறையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர் வாளிதான். அமிலத்தில் முக்கிய வளையலுக்கு ஒன்று, காரக் கரைசலில் கொதித்து வந்ததற்கு ஒன்று, முலாம் தொட்டியிலிருந்து எடுத்ததற்கு இன்னொன்று. நான் அழைத்துப்போன பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் கண்கள் மஞ்சள் மினுக்கைத் தேடின. மூத்த தொழிலாளி அவர்களுக்கு முதலில் காட்டியது தண்ணீரை. பித்தளை வளையல் ஒன்றை வாளியில் முக்கித் தூக்கிப் பிடித்தார்.

“நல்லாப் பாரு தம்பி. தண்ணி முழுசாப் படிஞ்சு நிக்கணும். எங்கயாவது முத்து முத்தா உருண்டா, அங்க எண்ணெப் பிசுக்கு இருக்கு. அதுல முலாம் ஏறாது. ஏறினாலும் உரிஞ்சு வந்துரும்.”

எங்கள் மின்வேதியியல் பாடத்தில் இந்த வாளிக்கு இடமில்லை. மின்முனையை வரைந்து, அம்புக்குறி போட்டு, சமன்பாடு எழுதி முடித்துவிடுகிறோம். பட்டறையிலோ வேலையின் பெரும்பகுதி மின்சாரம் பாய்வதற்கு முன்பே நடந்துவிடுகிறது. பற்றவைத்த இடத்தில் தங்கிய வெண்காரத்தையும் கருமையையும் அமிலம் எடுக்கிறது. பாலிஷ் மெழுகைக் காரம் எடுக்கிறது. அயனிகள் உலோகத்தைத் தொட வேண்டுமானால் நடுவில் எதுவும் இருக்கக் கூடாது என்பதை அந்த மனிதர்கள் தண்ணீரைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள்.

தங்கத் தொட்டி சிறியது, சில லிட்டர்தான். மாணவர்களை அந்த அறையின் வாசலிலேயே நிறுத்திவிட்டேன். கரைசலில் இருப்பது பொட்டாசியம் தங்க சயனைடு. அதில் அமிலம் கலந்தால் உயிரைக் குடிக்கும் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். அமிலத்துக்கும் தங்கத்துக்கும் நடுவே இத்தனை வாளிகள் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பள்ளி ஆய்வகத்துக்குள் சயனைடு எந்த வடிவிலும் வரக் கூடாது. இதில் எனக்குத் துளியும் தளர்வு கிடையாது. அந்த அறையில் நாள் முழுவதும் நிற்பவர்களுக்குக் கையுறையும் காற்றை வெளியே இழுக்கும் விசிறியும் கட்டாயம் வேண்டும் என்பதிலும் அதே உறுதிதான்.

வாசலில் நின்றபடியே ஒரு மாணவி கேட்டாள்: “நேர்மின்முனை தங்கமா இல்லையே, ஐயா?”

“தங்கத்தத் தொங்கவிட்டாக் கட்டுப்படியாகுமா பாப்பா? இது எவர்சில்வர் தகடு. தங்கம் தண்ணிக்குள்ளயே இருக்கு. கொறையக் கொறைய உப்பு சேர்ப்போம்.”

எந்த உலோகத்தை ஏற்றுகிறோமோ அதுவே நேர்மின்முனையாகி, கரைந்து, எதிர்முனையில் படியும் என்றுதான் அவள் படித்திருந்தாள். செம்புக்கு அது சரி. இங்கே எவர்சில்வர் கரைவதில்லை. அந்த முனையில் பெரும்பாலும் ஆக்சிஜன் வெளிவருகிறது. தங்கம் கரைசலிலிருந்து மட்டுமே போகிறது. வகுப்பில் பலமுறை சொல்லியும் பதியாத வேறுபாடு அந்த ஒரு பதிலில் பதிந்துவிட்டது.

அங்கேயே கணக்கும் போட்டார்கள். 40 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள வளையலில் 0.1 மைக்ரான் தடிமனுக்குத் தங்கம் ஏற்றினால் அதன் எடை ஏறக்குறைய 8 மில்லிகிராம். மின்சாரம் முழுவதும் தங்கத்துக்கே செலவானால் அதற்கு 4 கூலும் போதும். வியர்வையும் உராய்வும் பட்டுச் சில மாதங்களில் நகை பல்லிளிப்பது ஏன் என்று அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

பள்ளிக்குத் திரும்பியதும் பித்தளைத் தகட்டில் பதக்கம் வெட்டினோம். அமிலம் சேர்த்த காப்பர் சல்பேட் கரைசல், செம்புத் தகடு, மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்க வசதியுள்ள மின்வழங்கி, எல்லோருக்கும் கண்ணாடியும் கையுறையும். அரை ஆம்பியர், அரை மணி நேரம். ஃபாரடே 1834-இல் வெளியிட்ட விதிப்படி 0.296 கிராம் செம்பு ஏற வேண்டும். எங்கள் தராசு நூறில் ஒரு கிராம் வரை காட்டும். பெரும்பாலோருக்கு 0.28, 0.29 என்று வந்தது. சமன்பாட்டில் எழுதிய எண் தராசில் தெரிந்தபோது அவர்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு எட்டிப் பார்த்தது.

ஒரு பதக்கத்தில் கட்டைவிரல் ரேகை மட்டும் மஞ்சளாகவே நின்றது. கழுவிய பிறகு வெறுங்கையால் தொட்டதன் அடையாளம். இன்னொரு குழு அவசரப்பட்டு மின்னோட்டத்தை 2 ஆம்பியருக்கு ஏற்ற, ஓரங்களில் பழுப்புத் தூள் படிந்து கழுவும்போதே உதிர்ந்தது. விளிம்பில் மின்னோட்டம் குவிகிறது. அங்கே செம்பு அயனிகள் வந்து சேர்வதைவிட வேகமாகத் தீர்ந்துபோகின்றன. பட்டறையில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெக்டிஃபயர் குமிழை மெல்லத் திருகிய மூத்த தொழிலாளியின் விரல்களை மாணவர்களே நினைவுபடுத்திப் பேசினார்கள்.

மிஞ்சிய கழுவுநீரைச் சாக்கடையில் விடவில்லை. செம்பு மீனுக்கும் பாசிக்கும் நஞ்சு. சலவைச் சோடா சேர்த்ததும் நீலப்பச்சையாக வீழ்படிவு இறங்கியது, அதை வடிகட்டினோம். பட்டறைக்கு மறுபடி போன மாணவர்கள் இதைச் செய்து காட்டியதும் மூத்தவர் கேட்ட முதல் கேள்வி: “நிக்கல் முலாம் கழுவின தண்ணிக்கும் இது ஆகுமா?”

ஆகும். ஆனால் காரத்தன்மை இன்னும் கூட வேண்டும், பிஎச் 10-ஐ ஒட்டி. சயனைடு கலந்த கழுவுநீரை இதோடு சேர்க்கவே கூடாது, அதைத் தனியாகச் சேகரித்து முறையான சுத்திகரிப்புக்கு அனுப்ப வேண்டும். இவ்வளவையும் ஒரு தாளில் தமிழில் எழுதி, அவர் சொன்ன இடத்திலேயே, வாளிகளுக்கு மேலே ஒட்டிவிட்டு வந்தார்கள்.